முதல் உலகப் போரில் வீட்டுக்கு வந்த சாவுக் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1914–18 போரில் பிரிட்டிஷ் ராணுவத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தால், அவர் வீட்டுக்கு ஒரே ஒரு கடிதம் வந்து கதை முடிந்துவிடாது. தந்தி அல்லது படிவம், மேலதிகாரியின் கடிதம், பாதிரியாரின் கடிதம், கூட இருந்த நண்பனின் கிறுக்கல், உடைமைப் பொட்டலம், கல்லறைப் படம், வெண்கல வில்லை என்று வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். ஏலத்தில் வாங்கியவர்கள், குடும்பப் பெட்டியில் கண்டெடுத்தவர்கள், போர் வரலாறு படிப்பவர்கள் ஆகியோர் இந்தத் தாள்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே. பெரும்பாலும் பேசப்படுவது மேற்குப் போர்முனை, அதாவது பிரான்சும் பெல்ஜியமும்.

சாவுச் செய்தி தந்தியில் வந்ததா, தபாலில் வந்ததா?

இறந்தவரின் பதவியைப் பொறுத்தது. அதிகாரி என்றால் தந்தி. சாதாரணச் சிப்பாய், கார்ப்பரல், சார்ஜென்ட் என்றால் தபாலில் ஒரு படிவம். அதிகாரியின் தந்தி லண்டனில் இருந்த போர் அலுவலகத்திலிருந்து நேரே போகும். சிப்பாயின் படிவம் அவருடைய படைப்பிரிவுக்கான ஆவண அலுவலகத்திலிருந்து போகும். சினிமாவில் தந்திப் பையன் ஏழைத் தெருவில் சைக்கிளை நிறுத்துவதைக் காட்டுவார்கள். முதல் உலகப் போர் பிரிட்டனைப் பொறுத்தவரை அந்தப் பையன் பெரும்பாலும் வசதியான வீடுகளின் கதவைத்தான் தட்டினான். மற்றத் தெருக்கள் பயந்தது தபால்காரரைப் பார்த்து.

மிகவும் அறியப்பட்ட தந்தி கவிஞர் வில்ஃப்ரட் ஓவனுடையது. அவர் கொல்லப்பட்டது 1918 நவம்பர் 4. தந்தி ஷ்ரூஸ்பரியில் இருந்த பெற்றோரிடம் வந்தது நவம்பர் 11, போர் நின்றதற்காகத் தேவாலய மணிகள் அடித்துக்கொண்டிருந்தபோது. அதிகாரிக்கே ஒரு வாரம் ஆகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

சிப்பாய் வீட்டுக்குப் போன படிவத்தில் என்ன இருந்தது?

அதன் எண் ராணுவப் படிவம் பி.104-82. வாசகம் முழுவதும் அச்சடித்தது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த இடம், தேதி, விதம் ஆகியவற்றுக்கு மட்டும் காலி இடம் விட்டிருக்கும். எழுத்தர் பேனாவால் நிரப்புவார். "தெரிவிப்பது என் வேதனையான கடமை" என்று தொடங்கி, அரசர் அரசியின் அனுதாபச் செய்தி இணைக்கப்பட்டிருப்பதாகவும், இறப்புக்கு ராணுவக் குழு வருந்துவதாகவும் சொல்லும். அடக்கம் பற்றித் தகவல் வந்தால் பிறகு அறிவிப்போம் என்று முடியும். அரசரின் செய்தி ஒரு சின்னத் தனிச் சீட்டு. கீழே போர் அமைச்சரின் கையெழுத்து, அதுவும் அச்சு.

இதே வரிசையில் பி.104-83 என்றால் "காணவில்லை". பி.104-82ஏ என்றால் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள முடிவுசெய்தாகிவிட்டது என்று பொருள். கையில் இருக்கும் தாளின் மேல் மூலையில் இந்த எண்ணை முதலில் பாருங்கள். அந்த மூலை கிழிந்திருந்தால் மட்டும் வாசகத்தை வைத்து ஊகிக்கலாம்.

இறந்த விதம் மூன்றில் ஒன்றாக இருக்கும். "சண்டையில் கொல்லப்பட்டார்" என்றால் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது. "காயங்களால் இறந்தார்" என்றால் ஏதோ ஒரு மருத்துவ நிலையம் வரைக்கும் உயிரோடு போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்த நிலையத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அவர் இருக்க வாய்ப்பு அதிகம். வெறுமனே "இறந்தார்" என்றால் நோய், விபத்து, நீரில் மூழ்குதல் போன்றவை. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடிய சொற்கள் அல்ல.

எந்தத் தாள் முதலில் வரும்?

அதிகாரபூர்வப் படிவம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அது வரவில்லை. காரணம் அலுவலக வழி. பட்டாலியன், அதாவது சுமார் ஆயிரம் பேர் கொண்ட படை அலகு, தன் இழப்பைக் கணக்கிட்டு அறிக்கை எழுத வேண்டும். அது பிரான்சில் ரூவான் நகரில் இருந்த பதிவுத் தளத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து இங்கிலாந்தில் இருந்த ஆவண அலுவலகத்துக்கு, பிறகு வீட்டுக்கு. பெரிய தாக்குதல் நடந்த வாரத்தில் கணக்கு எழுத வேண்டியவரே செத்திருப்பார். ஆனால் சாதாரணத் தபால் அப்படிக் காத்திருக்காது. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் மரத்தால் எழுப்பிய தபால் கிடங்கு உச்சக்கட்டத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்களைக் கையாண்டது. போர்முனையிலிருந்து நண்பன் எழுதிய கடிதம் சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே "உங்கள் மகன் இறந்தது குறித்து உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்" என்று தொடங்கும் கடிதமே முதல் செய்தியாக விழுந்த வீடுகள் உண்டு.

அதைவிட மோசம், திரும்பி வந்த கடிதம். மனைவியோ தாயோ எழுதிய கடிதம் உறை பிரிக்கப்படாமல், மேலே "கொல்லப்பட்டார்" என்று பென்சிலால் எழுதியோ முத்திரை குத்தியோ வரும். அறிவிப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே திருப்ப வேண்டும் என்பது முறை. அவசரத்தில் அது தவறியது. பார்சல்கள் அவ்வளவாகத் திரும்பவில்லை. கேக்கும் சிகரெட்டும் தோழர்களுக்குள் பகிரப்படும். "நீங்கள் அனுப்பிய பொட்டலத்தை நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம், மன்னிக்கவும்" என்ற வரியைப் பார்த்தால் அதன் பொருள் இதுதான்.

ஒரே ஊரார் சேர்ந்து உருவாக்கிய பட்டாலியன்களில் நிலைமை வேறு விதமாகக் கெட்டது. 1916 ஜூலை 1 அன்று, சோம் தாக்குதலின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள். ஆக்ரிங்டன் ஊரைச் சேர்ந்த பட்டாலியனில் முன்னேறிய எழுநூற்றுச் சொச்சம் பேரில் 584 பேர் இறந்தோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். ஊருக்கு அதிகாரபூர்வமாக ஒன்றும் வரவில்லை. பத்திரிகைகள் வெற்றிச் செய்தி போட்டுக்கொண்டிருந்தன. காயம்பட்டவர்களின் கடிதங்களிலிருந்து வதந்தி கசிந்து, மக்கள் மேயர் வீட்டைச் சூழ்ந்து உண்மையைச் சொல்லச் சொன்னார்கள்.

இரங்கல் கடிதத்தை யார் எழுதினார்கள்?

எழுத வேண்டும் என்ற எழுத்து வடிவ ஆணையைவிட, அதிகாரிகளுக்குள் இருந்த வழக்கமே பெரிதாக வேலை செய்தது. சிப்பாய் இறந்தால் அவருடைய பிளட்டூன் அல்லது கம்பெனித் தலைவர் எழுதுவார். அதிகாரி இறந்தால் பட்டாலியன் தலைவரே எழுதுவார். மருத்துவ நிலையத்தில் இறந்தால் செவிலியரும் படைப் பாதிரியாரும் எழுதுவார்கள். இவற்றோடு நண்பன், ஊர்க்காரன், ஒரே கூடாரத்தில் படுத்தவன்.

பிளட்டூன் என்பது சுமார் 50 பேர். அதன் தலைவருக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். தன் அம்மா வயதுள்ள பெண்ணுக்கு, அவள் மகன் செத்ததைப் பற்றி எழுத வேண்டும். பெரிய சண்டைக்குப் பிறகு ஒரே மாலையில் பத்து, பதினைந்து கடிதம். முந்தைய தலைவர் செத்து இவர் புதிதாக வந்திருந்தால் இறந்தவரின் முகமே தெரியாது, சார்ஜென்டைக் கூப்பிட்டு "ஆள் எப்படி?" என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். "அவரை எனக்கு நீண்ட நாளாகத் தெரியாது, ஆனால்..." என்று தொடங்கும் கடிதத்தைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மையாக எழுதியிருக்கிறார்.

நண்பனின் கடிதத்தில் எழுத்துப்பிழை இருக்கும், நிறுத்தக்குறி இருக்காது. எங்கள் பார்வையில், தகவலுக்கு அதுதான் முதலிடம். அதிகாரி சொல்லாத விவரத்தை அவன் சொல்லிவிடுவான்.

எல்லாக் கடிதமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதே, ஏன்?

வீட்டார் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரி இருந்ததால். எப்படி இறந்தான்? வலித்ததா? கடைசியில் ஏதாவது சொன்னானா? யார் கூட இருந்தார்கள்? எங்கே புதைத்தீர்கள்? அவன் பொருளெல்லாம் எங்கே? முதல் சில மாதங்களில் பதில் கடிதங்களைப் படித்தே அதிகாரிகள் இதைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு கேட்கும் முன்பே பதில் சொல்லும் ஒரு வரிசை படிந்துவிட்டது.

வழக்கமாக வருத்தம் ஒரு வரி. அடுத்து நேரமும் சூழலும்: "நேற்றுக் காலை காவலில் நின்றபோது". பிறகு சாவு: துப்பாக்கிக் குண்டு, ஷெல் (பீரங்கிக் குண்டு), "உடனே", "வலியில்லாமல்". அதன்பின் ஆள் பற்றி: எப்போதும் சிரித்த முகம், வேலைக்கு முதலில் கை தூக்குபவர், எல்லோருக்கும் பிடித்தவர். பிறகு அடக்கம்: "போர்முனைக்குச் சற்றுப் பின்னால், தோழர்கள் சூழ, மரச்சிலுவை நட்டு". கடைசியில் உடைமைகள் வந்து சேரும் என்ற உறுதி, கடவுள் பற்றி ஓரிரு வரி, வேறு ஏதும் அறிய வேண்டுமென்றால் எழுதுங்கள் என்ற அழைப்பு. மொத்தம் ஒன்றரைப் பக்கம்.

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போனால் எல்லோரும் ஒரே நாலு வாக்கியத்தைத்தான் சொல்கிறோம். "நல்ல சாவு", "கஷ்டப்படாம போயிட்டாரு." பழகிய வாக்கியம் என்பதால் அது பொய்த் துக்கம் ஆகிவிடாது. இந்தக் கடிதங்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அச்சுக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு வரியைத் தேடுங்கள்: அவர் வாயால் ஊதும் இசைக்கருவி வாசிப்பார், பட்டாலியன் கழுதைகளைப் பார்த்துக்கொண்டார், இரண்டாம் தடவை விடுப்பை நண்பனுக்கு விட்டுக்கொடுத்தார். எழுதியவருக்கு ஆளைத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

"உடனே உயிர் பிரிந்தது, வலியே இல்லை" என்பது உண்மையா?

சில நேரம் உண்மை. தலையில் குறிபார்த்துச் சுட்டால் அப்படித்தான். ஆனால் கடிதங்களை நம்பினால் மேற்குப் போர்முனையில் ஏறக்குறைய யாருமே வலியோடு சாகவில்லை என்றாகும். அந்தப் போரில் காயங்களில் பெரும்பகுதி பீரங்கி ஷெல் துண்டுகளால் ஏற்பட்டவை. வயிற்றில் துண்டு பாய்ந்தவரும், இரு தரப்புக்கும் இடைப்பட்ட நிலத்தில் கிடந்தவரும் மணிக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறார்கள். அதை ஒரு தாய்க்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று எழுதியவர் நினைத்தார். நாங்களும் அவரைக் குறைசொல்ல மாட்டோம். ஆராய்ச்சிக்கு வரும்போது மட்டும் அந்த வரியைத் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறிப்பு கண்டுபிடிக்கச் சில வழிகள். "உடனே" என்ற கடிதமும் "காயங்களால் இறந்தார்" என்ற படிவமும் ஒன்றாக இருந்தால் கடிதம் பொய் சொல்கிறது. "பேச முடியவில்லை", "நினைவு திரும்பவில்லை" என்றிருந்தால் அவர் சிறிது நேரம் உயிரோடு இருந்தார். ஷெல் விழுந்தது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறந்தார்கள் என்று சொல்லிவிட்டு அடக்கம் பற்றி மௌனம் காத்தால், அடக்கம் செய்ய உடல் மிஞ்சியிருக்காமல் போயிருக்கலாம். அடக்கம் பற்றிய வரி இல்லாதது எப்போதும் ஒரு செய்தி.

ஊர்ப் பெயர் ஏன் எங்கும் இல்லை?

தணிக்கை. சிப்பாய்களின் கடிதத்தை அவர்களுடைய அதிகாரியே படித்து, இடமும் படைநகர்வும் இருந்தால் அடித்துவிடுவார். அதிகாரிகள் தங்கள் கடிதங்களுக்குத் தாங்களே பொறுப்பு. அவர்களும் பெயரைத் தவிர்த்தார்கள். "பிரான்சில் ஓரிடத்தில்" என்பதே முகவரி. தேதி இருந்தால் போதும், பட்டாலியன் நாட்குறிப்பிலிருந்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

"காணவில்லை" என்று வந்த வீடுகளில் என்ன நடந்தது?

இந்தப் போரின் தனிக் கொடுமை இது. உடல் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் யாரென்று தெரியவில்லை. அதற்கு ஒரு சின்னத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 1916 செப்டம்பர் வரை சிப்பாயின் கழுத்தில் ஒரே ஒரு அடையாள வில்லை. இறந்ததற்குச் சாட்சியாகத் தோழர் அதைக் கழற்றிக் கொண்டுபோய் ஒப்படைப்பார். அந்தக் கணத்திலிருந்து உடல் பெயரற்றதாகிவிடும். பிறகுதான் இரண்டு வில்லைகள் வந்தன: வட்டமான சிவப்பு வில்லையைக் கழற்ற வேண்டும், எட்டுமூலைப் பச்சை வில்லை உடலோடு இருக்க வேண்டும். அழுத்திய நார்ப்பொருளால் செய்தவை. சேற்றில் பல மக்கிப்போயின.

காணாமல் போனவர் சிறைப்பட்டிருக்கலாம் என்ற நம்பிக்கை இருந்ததால், இரங்கல் கடிதம் எழுதுபவர் கயிற்றின் மேல் நடந்தார். "நம்பிக்கையை விடாதீர்கள்" என்று எழுதினால் பிறகு அது கொடுமையாகும். "செத்துவிட்டார்" என்று எழுதினால் ஆள் ஜெர்மனியிலிருந்து அஞ்சலட்டை போடலாம். சுமார் ஆறு மாதம் எந்தத் தடயமும் இல்லையென்றால் இறந்ததாகக் கொண்டு பி.104-82ஏ அனுப்பினார்கள். பென்ஷனுக்கும் அந்தத் தாள் தேவை. அதனால் மனம் ஒப்பாமலே ஏற்றுக்கொண்ட மனைவிகள் அதிகம்.

இடைப்பட்ட மாதங்களில் குடும்பங்கள் நாடியது செஞ்சிலுவைச் சங்கத்தின் விசாரணைப் பிரிவை. காணாமல் போனவர்களின் பெயர்களைப் படைப்பிரிவு வாரியாக அச்சிட்டு, தேடுநர்கள் கையில் கொடுப்பார்கள். அவர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், அதே பட்டாலியனைச் சேர்ந்த காயம்பட்டவரின் படுக்கையருகில் உட்கார்ந்து விசாரிப்பார்கள். நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் அலெக்சாந்திரியாவில் இந்த வேலை பார்த்தவர். உயரம், முடி நிறம், ஊர், பட்டப்பெயர் ஆகியவற்றை முதலில் கேட்க வேண்டும். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அப்படியும் மூன்று சாட்சிகள் மூன்று விதமாகச் சொல்வார்கள்: ஒருவர் கண்ணால் பார்த்தேன் என்பார், இன்னொருவர் கைதியாகக் கூட்டிப்போனார்கள் என்பார்.

ஆஸ்திரேலியர்களுக்காக வேரா டீக்கின் 1915இல் கெய்ரோவில் இதே பணியைத் தொடங்கிப் பிறகு லண்டனுக்கு மாற்றினார். அந்தப் பிரிவு விட்டுச்சென்ற சுமார் 32,000 கோப்புகள் கான்பெராவில் உள்ளன, இணையத்தில் படிக்கலாம். தாய்க்கு அனுப்பிய மிருதுவான கடிதமும், அதற்குக் காரணமான பச்சையான சாட்சியமும் ஒரே கோப்பில் இருக்கும். இரங்கல் கடிதம் எப்படிச் சமைக்கப்பட்டது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

செல்வாக்கு இருந்தும் பயனில்லாமல் போனதற்கு ருட்யார்ட் கிப்ளிங் உதாரணம். மகன் ஜான் 1915 செப்டம்பரில் லூஸ் சண்டையில் காணாமல் போனார். கிப்ளிங்கும் மனைவியும் திரும்பி வந்த சிப்பாய்களை ஆள் ஆளாக விசாரித்தார்கள். இருவரும் சாகும்வரை கல்லறை தெரியவில்லை.

உயிரோடு இருப்பவருக்காக இரங்கல் கடிதம் வந்ததுண்டா?

உண்டு. கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1916 ஜூலையில் சோமில் படுகாயமடைந்தார். பிழைக்கமாட்டார் என்று நினைத்து, காயங்களால் இறந்ததாக அவர் தாய்க்குக் கர்னல் இரங்கல் கடிதமே எழுதிவிட்டார். பத்திரிகையிலும் பெயர் வந்தது. பிறகு திருத்தம் போட்டார்கள். அவர் வாழ்ந்தது 1985 வரை.

பெயர்க் குழப்பமே பொதுவான காரணம். படிவத்தில் பெயரைவிட எண்ணைக் கவனியுங்கள். ஆனால் எண்ணும் மாறும்: பிராந்தியப் படையினருக்கு (பகுதிநேரத் தன்னார்வப் படை) 1917இல் ஆறு இலக்கப் புது எண் கொடுத்தார்கள். ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் இரண்டு ஆட்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ராணுவ நீதிமன்றத் தண்டனையில் சுடப்பட்டவரின் வீட்டுக்கு என்ன எழுதினார்கள்?

தொடக்கத்தில் உண்மையை அப்படியே, ஈரமில்லாமல். பென்ஷனும் மறுக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1917 இறுதியில் வழக்கம் தளர்ந்து, பணியில் இறந்ததாகச் சொல்ல ஒப்புக்கொண்டார்கள். சில அதிகாரிகளும் பாதிரியார்களும் அதற்கு முன்பே தங்கள் பொறுப்பில் மூடிமறைத்து எழுதியிருக்கிறார்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்றவற்றுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வந்தது.

உடைமைப் பொட்டலத்தில் என்ன இருக்கும்? ஏன் சண்டை வந்தது?

சம்பளப் புத்தகம், கடிதங்கள், புகைப்படம், பைப், சீப்பு, பிரார்த்தனைப் புத்தகம், நாணயங்கள். கூடவே ஒரு பட்டியல். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வந்து சேர மாதங்கள் ஆகும். சம்பளப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒன்று உயில் எழுதுவதற்கானது. "என் உடைமை எல்லாம் என் தாய்க்கு" என்று ஒரே வரி, கையெழுத்து, தேதி. அது சட்டப்படி செல்லும்.

சண்டை எப்போதும் கைக்கடிகாரத்தைப் பற்றி. போகும்போது கட்டிக்கொண்டு போனான், பட்டியலில் இல்லை. உடலை யாரும் எட்ட முடியாத இடத்தில் விட்டு வந்திருக்கலாம், யாரோ எடுத்திருக்கலாம், ஷெல்லில் போயிருக்கலாம். கம்பெனித் தலைவருக்கு வரும் இரண்டாவது கடிதம் பெரும்பாலும் இதற்குத்தான். அதைப் பேராசை என்று நினைக்கத் தோன்றும். அந்தத் தாய்க்கு மகன் உடம்பில் பட்ட பொருள் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

உடலை ஊருக்குக் கொண்டுவர முடிந்ததா?

இல்லை. 1915இலேயே தடை. பணக்காரர் மட்டும் கொண்டுவருவதை அனுமதிக்கக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கல்லறையைப் புகைப்படம் எடுத்து, அருகில் உள்ள ரயில் நிலையத்தின் பெயரோடு குடும்பத்துக்கு அனுப்பினார்கள்.

போருக்குப் பின் கல்லறைக் கல்லில் குடும்பம் ஒரு வரி பொறித்துக்கொள்ளலாம். உச்சவரம்பு 66 எழுத்து, இடைவெளியும் கணக்கில் சேரும். எழுத்துக்கு மூன்றரை பென்ஸ். 66 எழுத்தும் எடுத்தால் 19 ஷில்லிங் 3 பென்ஸ். போர் தொடங்கியபோது சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1 ஷில்லிங். பிறகு இதை விருப்பக் கட்டணமாக மாற்றினார்கள். கனடா தன் சிப்பாய்களுக்கு அரசே கட்டியது. நியூசிலாந்து, எல்லோரும் சமம் என்று சொல்லி, கல்லில் குடும்ப வாசகமே வேண்டாம் என்றது. வீட்டார் இரங்கல் கடிதத்தில் வந்த ஒரு சொற்றொடரையே இந்த வரிக்கு எடுத்துக்கொண்டதும் உண்டு. கடிதத்தையும் கல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெண்கல வில்லை உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

இறந்தவரின் நினைவாக அரசு குடும்பத்துக்கு அனுப்பிய வட்டத் தகடு இது. விட்டம் சுமார் 120 மி.மீ. பிரிட்டானியாவும் சிங்கமும், இரண்டு டால்பின்களும், அடியில் கழுகைக் கடிக்கும் சின்னச் சிங்கமும் இருக்க வேண்டும். சிங்கத்தின் முன்காலருகில் வடிவமைத்த எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டனின் பெயர் முதலெழுத்துகள். இறந்தவரின் பெயர் செவ்வகத்துக்குள் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும், பதவி இருக்காது. பெயர் குழியாக வெட்டப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். 13 லட்சத்துக்கும் மேல் அனுப்பினார்கள். பெண்கள் பெயரில் சுமார் 600 மட்டும், ஆகவே அவற்றுக்குப் போலி அதிகம். இதை "செத்தவன் காசு" என்று மக்கள் அழைத்தார்கள். வாங்குவதற்கு டபிள்யூ.5080 என்ற படிவத்தில் உயிரோடு இருக்கும் உறவினர் எல்லோரின் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டியிருந்தது. குடும்ப மரம் வரைபவர்களுக்கு வில்லையைவிட அந்தப் படிவம் பெரிய சொத்து.

இந்தியச் சிப்பாய்களின் வீடுகளுக்கு இப்படிக் கடிதம் வந்ததா?

இதே வடிவில் இல்லை. படைப்பிரிவின் தலைமையிடம் இந்தியாவில் இருந்தது. செய்தி அதன் வழியாகவே கிராமத்துக்கு வரும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் ஊரில் யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். பிரான்சிலிருந்து தோழர்கள் எழுதுவித்த கடிதங்களும் உண்டு. அங்கிருந்த இந்தியர்களின் தபாலைப் படிக்க பூலோனில் தனித் தணிக்கை அலுவலகம் நடந்தது. அது மொழிபெயர்த்து வைத்த பகுதிகள்தான் இன்று நமக்கு மிஞ்சியவை. மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

தமிழ்நாட்டுத் தொடர்பு உண்மையில் பிரான்சைவிட வேறு முனைகளில் அதிகம். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை மெசபட்டேமியாவில் (இன்றைய இராக்) இருந்தது. அங்கே இறந்தவர்களின் பெயரைத் தேடுபவர்கள் ஒரு சுவரில் முட்டுவார்கள்: பாஸ்ரா நினைவிடத்தின் பலகைகளில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்கவில்லை, படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்களில் சிலவற்றில், இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் பலகை இன்னும் இருக்கிறது. அதிலும் எண்ணிக்கைதான்.

வீட்டில் தேடியும் கடிதம் கிடைக்காததற்கு இன்னொரு காரணம் நம் பழக்கம். கருமாதிக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவோம், வீட்டில் வைக்க மாட்டோம். இங்கிலாந்தில் அதைப் பைபிளுக்குள் வைத்தார்கள்.

எதிரி எழுதிய இரங்கல் கடிதம் உண்டா?

விமானப்படையினரிடம் இருந்தது. வீழ்த்தப்பட்டவர் இறந்தாரா, கைதியானாரா என்று எழுதி, உறையை எதிர்த்தரப்பின் மேல் பறந்து போட்டுவிட்டுப் போவார்கள். காலாட்படையில், ஜெர்மானியர்கள் அடக்கம் செய்தவர்களின் பட்டியல் ஜெனிவாவில் இருந்த செஞ்சிலுவை முகமை வழியாக வந்தது.

கையில் ஒரு கடிதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கடிதத்தில் உள்ள தேதி எழுதிய தேதியா இறந்த தேதியா என்று பிரியுங்கள். "நேற்று", "போன செவ்வாய்" போன்ற சொற்களை 1914–18 நாட்காட்டியோடு வைத்துக் கணக்கிட வேண்டும். அடுத்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். எண், பட்டாலியன், தேதி, கல்லறை கிடைக்கும். கல்லறைக்குப் பதில், கல்லறை தெரியாதவர்களின் பெயர் பொறித்த தியெப்வால், மெனின் கேட் போன்ற நினைவிடத்தின் பெயர் வந்தால், கடிதம் சொல்லும் அந்த மரச்சிலுவை பிந்தைய ஷெல் வீச்சில் தொலைந்திருக்கலாம். எழுதியவர் பொய் சொன்னதாக உடனே முடிவுசெய்ய வேண்டாம்.

பிறகு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 95 வரிசையில் பட்டாலியன் நாட்குறிப்பு. அதில் அதிகாரிகளின் பெயர் வரும். சிப்பாய்களுக்கு "2 பேர் இறப்பு, 5 பேர் காயம்" என்றுதான் இருக்கும். ஆனால் அன்று பட்டாலியன் எங்கே இருந்தது, தாக்குதலா, ஓய்வா, ஷெல் வீச்சா என்று தெரிந்துவிடும். பட்டாலியன் ஓய்வில் இருந்த நாளில் "தாக்குதலில் முன்னின்று" இறந்ததாகக் கடிதம் சொன்னால், விபத்தைப் பற்றி யோசிக்கலாம்.

தனிநபர் பணிக் கோப்பு கிடைக்காவிட்டால் சோர வேண்டாம். 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் அவற்றில் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. மிஞ்சியவற்றின் ஓரம் கருகியும் நீர்க்கறை படிந்தும் இருக்கும்.

கடிதத்தை லேமினேட் செய்து வைக்கலாமா?

கூடவே கூடாது. சூடும் பசையும் தாளைத் திரும்ப எடுக்க முடியாதபடி கெடுத்துவிடும். செல்லோடேப், ஸ்டேப்ளர், குண்டூசி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே துருப்பிடித்த ஊசி இருந்தால் இழுக்காமல், தாளை அசைக்காமல் மெல்ல விலக்குங்கள். மடிப்பை ஒருமுறை விரித்து 600 டிபிஐயில் இருபுறமும் ஸ்கேன் செய்துகொண்டு, அமிலமில்லாத உறையில் தட்டையாக வையுங்கள். உறையையும் சேர்த்து வையுங்கள்: தபால் முத்திரையும் தணிக்கை முத்திரையும் அதில்தான் இருக்கும். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இராமபாணப் பூச்சிக்கும் ஈரத்துக்கும் பயந்து வைக்க வேண்டும். தரைக்கு அருகிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வேண்டாம்.

கடைசியாக ஒன்று. போர்முனைக் கடிதங்களில் பல, சாயம் கலந்த, படியெடுக்கும் (காப்பியிங்) பென்சிலால் எழுதியவை. உலர்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பல் நிறம். ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவிவிடும். தூசு தட்டுகிறேன் என்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். அங்கங்கே ஏற்கெனவே ஊதாத் திட்டு இருந்தால் அந்த இடத்தில் எப்போதோ தண்ணீர் பட்டிருக்கிறது. மழையா, கண்ணீரா என்று கேட்பவர்கள் உண்டு. சாயத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.